மீரியபெத்தை 2014: பெயர் எழுதிய பிள்ளைகள்

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. இலங்கையின் பதுளை மாவட்டம், ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவு. தீபாவளி கழிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பண்டிகைக்கு வந்திருந்தார்கள். பலர் திரும்பிப் போய்விட்டார்கள், சிலர் இன்னும் லீவில் இருந்தார்கள். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்துக்கு, போனவர்களிலும் பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகளிலும் பலர் தப்பினார்கள். வீட்டோடு இருந்தவர்கள்தான் அகப்பட்டார்கள். மாலையில் புத்தகப் பையோடு திரும்பிய பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை.

அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, போய்க் குடியிருக்கக் காணி வரவில்லை. அந்தக் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள், இன்னும் எழுத வேண்டும். நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு பகுதி. முதல் நாளிலிருந்து அடுத்த சில வாரங்கள் வரை, தப்பியவர்கள் தங்கியிருந்த பாடசாலை முகாம்களில் ஓடியாடிய இளைஞர்களின் வேலை. அதில் எது உண்மையில் பயன்பட்டது, எது பயன்படவில்லை, ஏன் என்பதை ஒருமுறையாவது ஒழுங்காகப் பதிந்துவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நானும் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து போய் அவர்களோடு நின்றவள்.

யார் அந்த இளைஞர்கள்? ஓகஸ்ட்டில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தவர்கள். லீவில் நின்ற கொழும்புக் கடைப் பிள்ளைகள். கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்த்து, கரகம் தூக்கி, பந்தல் போட்டுப் பழகிய தோட்டத்து வாலிபர் சங்கத்துப் பையன்கள். இரண்டொரு நாளில் பல்கலைக்கழக மாணவர்களும் வெளியூர்த் தொண்டர்களும் லொறி லொறியாக வந்தார்கள். எல்லோரும் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் பக்கத்துத் தோட்டங்களின் பிள்ளைகளுக்குத் தெரிந்தது வெளியே இருந்து வந்த யாருக்கும் தெரியாது. எந்த லயத்தில் எத்தனை காம்பரா (ஒரு குடும்பம் இருக்கும் அறைவீடு), எந்தக் காம்பராவில் யார் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

மண்வெட்டியோடு ஓடியவர்கள்

முதல் சில மணித்தியாலங்களில் எல்லோரும் செய்தது ஒன்றுதான். கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு சரிந்த மண்ணை நோக்கி ஓடினார்கள். மண் கிளறும் முள்ளு, மண்வெட்டி, அலவாங்கு, சிலர் வெறுங்கை. யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. உள்ளே இருப்பது அத்தை, சித்தப்பா, கூடப் படித்தவன்.

ஆனால் ஒரு விசயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மீட்புப் பணி பற்றி நம் பிள்ளைகள் காணொளிகளில் பார்த்திருப்பது பெரும்பாலும் நிலநடுக்கத்தை. கட்டடம் இடிந்து விழும்போது தூணுக்கும் தளத்துக்கும் நடுவில் இடைவெளி விழும், அதில் காற்று நிற்கும், ஆள் மூச்சுவிட முடியும். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலம் நடுங்கி ஏறத்தாழ 9,000 பேர் இறந்தபோது, வெளிநாட்டு மீட்புக் குழுக்கள் வந்து சேருமுன்பே அயலவர்களும் இளைஞர்களும் கல்லையும் மரத்தையும் கையால் புரட்டிப் பலரை உயிரோடு எடுத்தார்கள். மழையில் ஊறிச் சேறாக ஓடிவரும் மலை அந்த இடைவெளியை விடுவதில்லை. எல்லா ஓட்டையையும் அடைத்துக்கொண்டு இறுகுகிறது. முதல் நிமிடங்களில் ஓரத்தில் அகப்பட்டவரை இழுத்தெடுக்கலாம். அதன்பிறகு உயிரோடு எடுக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. அதோடு மேலே நிற்கும் மீதி மலை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மீரியபெத்தையிலும் மழை விடாமல் பெய்ததால் தேடுதலைத் திரும்பத் திரும்ப நிறுத்த வேண்டி வந்தது.

மலையகத்தில் நில அதிர்வே இல்லை என்றில்லை. 2020இல் கண்டிக்குக் கிழக்கே திகன, ஹாரகமப் பக்கங்களில் சிறு அதிர்வுகளை மக்கள் உணர்ந்தார்கள். பல்லேகலையில் நில அதிர்வைப் பதியும் நிலையம் இருக்கிறது. ஆனால் இங்கே உயிரைக் கொண்டுபோவது மழை. அதனால் நம் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் மழைக்கான பாடமாக இருக்க வேண்டும். தோண்டும் வேலையை இராணுவத்தினரும் பெக்கோ இயந்திரங்களும் எடுத்துக்கொண்ட பிறகு, "தம்பிமாரே, தள்ளி நில்லுங்க" என்று சொல்லப்பட்ட பையன்களுக்குக் கோபம் வந்தது. வேலை இல்லாமல் நிற்பதைத் தாங்க முடியாத கோபம் அது. அந்தக் கோபத்தைப் பயனுள்ள வேலைக்குத் திருப்பியது பாடசாலை முகாமில் இருந்த சில பெண்பிள்ளைகள்.

ஒரு சீ.ஆர். கொப்பி

அன்று நாடு முழுக்கக் கேட்ட கேள்வி, எத்தனை பேர் என்பது. முதலில் முந்நூறு என்றார்கள். பிறகு 192 பேரைக் காணவில்லை என்றார்கள். அதன்பின் நூறுக்கும் குறைவு என்று அமைச்சர் சொன்னார். எல்லாம் அடங்கிய பிறகு நின்ற கணக்கு நாற்பதுக்கும் கீழே. மண்ணுக்குள்ளிருந்து எடுத்த உடல்கள் அதிலும் குறைவு.

எண்ணிக்கை இப்படி ஆடியதற்கு ஆட்களின் கவனக்குறைவு மட்டும் காரணமில்லை. லயத்தில் இருக்கும் ஒருவரை முழுதாகக் காட்டும் ஏடு எதுவும் கிடையாது. செக்றோலில், அதாவது தோட்டத்தின் வேலையாள் பதிவேட்டில், இருப்பது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவர்கள் மட்டும். வேலையை விட்டவர்கள், தோட்டத்துக்கு வெளியே கூலிக்குப் போகிறவர்கள், படிக்கிறவர்கள் அதில் வரமாட்டார்கள். வாக்காளர் இடாப்பில் பதினெட்டுக்குக் கீழே யாரும் இல்லை. லயத்துக்குத் தனி முகவரி இல்லை, கடிதம் வந்தாலும் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்துதான் கைமாறும். கொழும்பில் வேலை செய்கிறவர் வாக்காளர் இடாப்பில் தோட்டத்திலேயே இருப்பார். அன்று காலை அவர் எங்கே இருந்தார் என்பது எந்தக் கணக்கிலும் இருக்காது.

முகாமில் உயர்தரம் எழுதிய ஒரு தங்கச்சி ஒரு சீ.ஆர். கொப்பியை, அந்தப் பெரிய தடித்த நோட்டை, எடுத்துவந்து முதல் பக்கத்தில் லயத்தை வரைந்தாள். பெட்டி பெட்டியாகக் காம்பராக்கள், தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் எது, கோயில் பக்கம் எது என்று அடையாளம். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்பதற்குப் பதிலாக, லயத்தின் கோடியிலுள்ள தொங்கல் காம்பராவில் தொடங்கி ஒவ்வொரு கதவாக நடந்துபோவதுபோல் கேட்டாள். இந்த ஒரு முறைதான் எல்லாவற்றையும் மாற்றியது. அதிர்ச்சியில் இருக்கும் ஒருவரிடம் "காணாமல் போனவர்களின் பெயரைச் சொல்லுங்கள்" என்றால் அழுகைதான் வரும். "ஒங்க வூட்டுக்கு அடுத்த வூட்டுல யாரு?" என்று கேட்டால் பதில் தானாக வரும்.

ஒரு உரையாடல் இப்போதும் அப்படியே நினைவிருக்கிறது. ஒரு வயதான அம்மாயியிடம் கேட்டாள்:

"அம்மாயி, தொங்கல் காம்பராவுல யாரு இருந்தா?"

"பழைய கங்காணி மருமக."

"அவங்க பேரு என்னாங்க?"

"செக்றோல்ல ஒரு பேரு, கார்டுல ஒரு பேரு கண்ணு. நாங்க பாப்பான்னுதான் கூப்புடுவோம்."

"நேத்து ராத்திரி அங்கதான் படுத்தாங்களா?"

"இல்லம்மா. புள்ளைக்குக் காச்சல்னு மேல் டிவிசனுக்கு, ஆத்தா வூட்டுக்குப் போயிட்டா."

ஒரே ஆளுக்கு மூன்று பெயர். காணாமற்போனோர் பட்டியல் ஒன்றில் அந்தப் பெண் இரண்டு முறை இருந்தார், இரண்டு வேறு பெயர்களில். பிள்ளையோடு சேர்த்தால் மூன்று பேர். மேல் டிவிசனுக்கு ஒரு பையனை ஓடவிட்டோம். தாயும் பிள்ளையும் அங்கே பத்திரமாக இருந்தார்கள். தங்கச்சி கொப்பியில் மூன்று பெயரை வெட்டினாள். வெட்டும்போது அவள் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

அன்றிரவுக்குள் கொப்பியில் வரிசைகள் சேர்ந்துகொண்டே போயின. காம்பரா, வீட்டில் கூப்பிடும் பெயர், அடையாள அட்டைப் பெயர், வயது, முதல்நாள் இரவு படுத்த இடம், அன்று காலை போன இடம், இப்போது இருக்கும் இடம், இதைச் சொன்னவர் யார். கடைசி வரிசை மிக முக்கியம். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து யாரையும் இறந்தவராகவோ தப்பியவராகவோ எழுதக்கூடாது என்று அவர்களாகவே ஒரு விதி வைத்தார்கள். வேறு வீட்டுக்காரர் ஒருவரும் அதையே சொல்ல வேண்டும். தள்ளி நில்லுங்கள் என்று சொல்லப்பட்டுக் கோபத்தில் நின்ற பையன்களுக்கு இப்போது வேலை வந்தது. ஒருவன் கொழும்புக்குத் தொலைபேசி எடுப்பான். ஒருவன் ஆஸ்பத்திரி வார்ட்டுகளில் பெயரைச் சரிபார்ப்பான். ஒருவன் மற்ற முகாமுக்கு நடந்துபோய் அங்கே இருப்பவர்களின் பெயரை எழுதிவருவான். எண்ணிக்கை மளமளவென்று குறைந்ததற்கு முகாம்களில் இப்படிப் பெயர் பெயராக ஆள் தேடியது ஒரு முக்கியக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைச் செய்தவர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் வரவில்லை.

பட்டியல் எதற்கு இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்கள் உண்டு. தேடும் படையினருக்கு எந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்று காட்டுவது அது. உடல் கிடைக்காதவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கப் போகும்போது "இவர் இங்கே இருந்தார்" என்று சொல்லும் சாட்சி அது. நட்டஈடு, வீடு, பிள்ளைகளின் பாதுகாவலர் யார் என்ற முடிவு, எல்லாம் அந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்குகின்றன. பட்டியலில் இல்லாதவர் மண்ணில் ஒருமுறை, அலுவலகத்தில் ஒருமுறை என இரண்டு தடவை காணாமல் போகிறார்.

மொழி

மீட்புக்கு வந்த படையினரில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுகிறவர்கள். அவர்களும் சேற்றில் இடுப்பளவு நின்று வேலை செய்தார்கள். ஆனால் எந்த இடத்தில் யாருடைய வீடு இருந்தது என்று சொல்லத் தெரிந்த தாய்க்குத் தமிழ்தான் வரும். பண்டாரவளையிலும் கொழும்பிலும் கடையில் நின்ற பிள்ளைகள் இரண்டு மொழியும் சரளமாகப் பேசுவார்கள். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்காதவர்கள், சாதாரணதரத்தோடு படிப்பை விட்டவர்கள். அந்த வாரம் அவர்கள் இல்லாமல் ஒரு படிவம்கூட நிரம்பவில்லை. படிவங்களில் பல சிங்களத்தில் மட்டுமே வந்தன. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரம், வங்கிப் புத்தகம் என்று மண்ணோடு போன ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். கையெழுத்து வைக்கத் தயங்கிய பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, புரிந்ததா என்று கேட்டுப் பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டும். சில பையன்கள் அதை அவ்வளவு பொறுமையாகச் செய்தார்கள். அரச மொழிச் சட்டம் செய்ய வேண்டிய வேலையைக் கடைச் சிப்பந்திகள் செய்தார்கள் என்பதை நாம் பெருமையோடும் வெட்கத்தோடும் நினைக்க வேண்டும்.

துணிக் குவியல்

பொருட்களைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. மண்டபம் நிறையத் துணி வந்தது. பாதி உடுக்க முடியாதவை. கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு யாரோ ஜீன்ஸ் அனுப்பியிருந்தார்கள். தேவைப்பட்டவை வேறு: உள்ளாடை, மாதவிடாய்த் துணி, செருப்பு, குழந்தைப் பால்மா, டோர்ச், சீனி நோய்க்கும் பிரஷருக்கும் மருந்து. துணி பிரிக்கவே இளைஞர்களின் இரண்டு நாள் உழைப்பு போனது. அனுப்புகிறவர்கள் முதலில் கேட்டுவிட்டு அனுப்பினால் அந்த இரண்டு நாளும் மனிதர்களுக்குக் கிடைத்திருக்கும்.

இரவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பறைகளில் குடும்பங்கள் நெருக்கிப் படுத்திருந்தன. மலசலகூடம் தள்ளி இருந்தது, வழியில் வெளிச்சமில்லை. இருட்டிய பிறகு போகப் பயந்து பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். ஆண் தொண்டர்கள் யாருக்கும் இது தெரியாது, யாரும் அவர்களிடம் சொல்லவும் மாட்டார்கள். எங்களில் சிலர் மூன்று பேர் மூன்று பேராகப் பிரிந்து, டோர்ச்சோடு வகுப்பறை வாசலில் இருந்தோம். "அக்கா, வர்றீங்களா?" என்று கூப்பிட்டால் கூடப் போவோம். செலவில்லாத வேலை. எந்த நிவாரணக் கணக்கிலும் வராது. முகாம் நடத்துகிற எவரும் முதல் இரவிலேயே இதை ஏற்பாடு செய்ய வேண்டும். அதைக் கேட்டறியப் பெண்பிள்ளைகள் தொண்டர்களாக இருந்தே ஆக வேண்டும்.

பிள்ளைகளும் பரீட்சையும்

டிசம்பரில் சாதாரணதரப் பரீட்சை. வீட்டையும் ஆட்களையும் இழந்து, புத்தகமும் போய், அந்தப் பரீட்சைக்கு உட்கார வேண்டிய பிள்ளைகள் முகாமில் இருந்தார்கள். உயர்தரம் எழுதியிருந்தவர்கள் தங்கள் பழைய கொப்பிகளைக் கொண்டுவந்தார்கள். கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்தார்கள். இது ஆறுதலுக்கான வகுப்பு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஒரு கணக்கைச் செய்து முடிக்கும்வரை ஒரு பிள்ளையின் முகம் சற்றுத் தெளிவதைப் பார்க்க முடிந்தது, அது போதுமாக இருந்தது.

கமெராவோடு வந்த சிலர் அந்தப் பிள்ளைகளிடம் "அம்மா எங்கே?" என்று கேட்டார்கள். ஒரே பிள்ளையிடம் ஒரு நாளில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. கடைசியில் வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் வாசலில் நின்று, "சேர், பெரியவங்ககிட்ட பேசுங்க, புள்ளைங்க படிக்கிறாங்க" என்று மரியாதையாகத் தடுத்தான். அவனுக்கு யாரும் சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. சொந்தத் தங்கையாக இருந்தால் என்ன செய்வானோ அதைச் செய்தான்.

லொறிகள் போன பிறகு

சில வாரங்களில் வெளியூர் லொறிகள் நின்றன. குடும்பங்கள் பாடசாலைகளிலிருந்து ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டன. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்த வாழ்க்கை ஏறத்தாழ இரண்டு வருடம் நீண்டது. 2016 ஒக்டோபரில்தான் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அந்த இரண்டு வருடமும் வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் பக்கத்துத் தோட்டங்களின் அதே பிள்ளைகள். வெளியிலிருந்து வரும் தொண்டர்களை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் உள்ளூர் இளைஞர்களின் கையில் பொறுப்பைக் கொடுத்து, அவர்கள் சொல்லும் வேலையைச் செய்ய வெளியூர்க்காரர் தயாராக இருக்க வேண்டும். மீரியபெத்தையில் சில குழுக்கள் அப்படி நடந்தன, அவர்களால் பெரிய உதவி கிடைத்தது. சில குழுக்கள் தங்கள் பதாகையைக் கட்ட இடம் தேடின.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2014இல் பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளில் வேலை செய்யச் சட்டமே தடையாக இருந்தது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. பாதையும் தண்ணீரும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, மக்கள் பதிவு கிராம அலுவலரின் பொறுப்பு, எச்சரிக்கை வேறொரு நிறுவனத்தின் பொறுப்பு என்று பிரிந்துகிடந்த இடத்தில் அன்று எல்லாவற்றையும் இணைத்து ஓடியது இளைஞர்களின் கால்கள். சட்டம் மாறிய பிறகு அந்தச் சுமையைச் சபைகள் ஏற்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலையகம் மறுபடியும் சரிந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களுக்குப் பலத்த அடி. கைபேசி இருக்கிறதே, இனிக் கொப்பி எதற்கு என்று நினைத்திருந்தவர்களுக்கு மின்சாரமும் சிக்னலும் போனபோது பதில் கிடைத்தது.

ஆகவே தோட்டத்து வாலிபர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது மழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகளை ஒவ்வொரு லயத்துப் பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் சாமான் கட்டித் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ அறிவித்தலுக்குக் காத்திராமல் வெளியேற வேண்டும். எளிய மழைமானி ஒன்றைக் கோயில் முற்றத்தில் வைத்து, மழைக்காலத்தில் முறைபோட்டு இரவிலும் பார்க்கலாம்.

இரண்டாவது அந்தக் கொப்பி. மலை நிற்கும்போதே அதை எழுதுங்கள். காம்பரா, வீட்டுப் பெயர், கார்டுப் பெயர், வெளியூரில் வேலை செய்பவரின் தொலைபேசி எண், நடக்க முடியாதவர் யார், அவரைத் தூக்க இரண்டு பேர் யார். ஒரு பிரதி கிராம அலுவலரிடம், ஒரு பிரதி சரிவு எட்டாத பாடசாலையில், ஒரு பிரதி பக்கத்துத் தோட்டத்துச் சங்கத்திடம். வருடத்துக்கு இரண்டு தடவையாவது திருத்த வேண்டும். பதுளைப் பக்கத்துத் தோட்டங்கள் செப்டம்பரில் ஒருமுறை திருத்துவதைத் தவறவிடவே கூடாது. தீபாவளிக்குப் பிள்ளைகள் ஊருக்கு வந்து, மழையும் கனத்து, லயங்கள் நிறைந்திருக்கும் மாதங்கள் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.